நிரஞ்சலாவின் வழக்கறிஞர்

எனக்கு நாற்பத்தொரு பிள்ளைகள். அதில் ஒன்றைக்கூட என் மனைவி கௌரி பெறவில்லை. அது அவளுக்கும் தெரியும், கோபப்பட மாட்டாள். எல்லாம் பாரிஸில், லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே மேசை போட்டு, நான் பேனையால் பெற்ற பிள்ளைகள்.

எண்பதுகளின் கடைசியில் பாரிஸ் வந்திறங்கிய எங்கள் சனத்துக்கு அகதி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். கேஸ் எழுதுகிற தவரத்தினம் என்றால் அப்போது புறநகர் ஸ்தேனிலும் தெரியும், செவ்ரானிலும் தெரியும். விண்ணப்பத்தில் பிள்ளைகள் விபரம் என்று ஒரு கட்டம் வரும். வந்தவர்களிடம் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்.

"ஊரிலை சகோதரங்களின்ரை பிள்ளையள் இருக்குதோ? ஒண்டை உங்கடை பிள்ளையாப் போட்டு வையுங்கோ. பிறகு கூப்பிடுறதுக்கு ஒரு இடம் இருக்கும்."

அப்படி நான் இடம் பிடித்து வைத்தவர்களில் முப்பத்தெட்டுப் பேர் விமானம் ஏறி வந்து சேர்ந்தார்கள். ஒருவன் பேருந்து ஓட்டுகிறான், ஒருத்தி பல் வைத்தியர், இரண்டு பேர் வங்கியில். வராமல் அங்கேயே இருந்திருந்தால் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே நான் செய்தது பிழை என்று யாராவது சட்டம் படித்தவன் வந்து சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மூன்று பேர் மட்டும் வரவில்லை. அந்த மூவரில் ஒருத்தி நிரஞ்சலா.

இராயப்புவும் சிசிலியாவும் மன்னாரிலிருந்து 1990இல் வந்தவர்கள். பிள்ளை இல்லை. சிசிலியாவின் தங்கை றஜனிக்கு அப்போது மூன்று வயதில் ஒரு மகள் இருந்தாள். அவளை இவர்களுடைய மகளாக எழுதினேன். ஆறு வருடம் கழித்து விசா சரிவந்தபோது, றஜனி பிள்ளையைக் கொழும்பு வரை கூட்டி வந்தாள். ஒரு இரவு லொட்ஜில் தங்கினாள். காலையில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் பஸ் ஏறிவிட்டாள். மனம் வரவில்லை, அவ்வளவுதான். 2009இல் கடைசிச் சண்டை முடிந்த அன்று, இருபத்திரண்டு வயது நிரஞ்சலாவைத் தாயின் கண் முன்னாலேயே இராணுவத்தினர் ஒரு பேருந்தில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவளைக் கண்டவர்கள் இல்லை.

சிசிலியாவின் குடும்பப் பத்திரத்தில் மட்டும் அவள் அப்படியே இருந்தாள். குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதும் அதே பெயரைத்தான் எழுதினோம். முதலில் ஒன்று எழுதினால் பிறகு மாற்றக் கூடாது, மாற்றினால் சந்தேகம் வரும் என்பது நான்தான் ஊருக்கெல்லாம் சொன்ன புத்தி.

சென்ற வருடம் பெப்ரவரியில் இராயப்பு செத்துப்போனார். முப்பது வருடம் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவி, ரூ பஜோல் தெருவில் ஐந்தாம் மாடியில் இரண்டு அறை வீடு ஒன்று வாங்கி வைத்திருந்தார். லிஃப்ட் இல்லாத கட்டிடம். தொண்ணூற்றாறு படி. சிசிலியா முப்பது வருடம் அலுவலகங்களில் நிலம் துடைத்தவள், இரண்டு முழங்காலும் போய்விட்டன. வெட்டித் திருத்தலாம் என்றால் இதயம் தாங்காது என்கிறார்கள். இந்த வீட்டை விற்றுவிட்டு ஸ்தேனில் நிலத்தோடு இருக்கிற ஒரு சின்ன வீட்டை வாங்க வேண்டும், கதவைத் திறந்தால் தெருவில் கால் வைக்க வேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான்.

சொத்துப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு கோப்பைத் திறந்தார். மகள் எங்கே என்று கேட்டார். சிசிலியா தெரியாது என்றாள். அது பொய்யில்லைத்தானே. தகப்பனின் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டு, மகளோ காணவில்லை. நொத்தாரிசு அதை நீதிமன்றத்துக்கு எழுதினார். நீதிபதி, காணாமல் போன வாரிசின் நலனைக் காக்க ஒரு வழக்கறிஞரை நியமித்தார். அவர் பெயர் மாக்சிம்.

தமிழுக்குச் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர்கள் நீதிமன்றப் பட்டியலில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அவர்களில் லா சப்பலுக்கு அருகில் இருப்பவன் நான். மாக்சிம் எனக்குத்தான் போன் எடுத்தார். பெயர்களைக் கேட்டதுமே எந்தக் கோப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நேரமில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறொருவன் போய்க் கிண்டினால் என்ன ஆகும் என்ற பயத்தில் ஓம் என்றுவிட்டேன்.

மாக்சிமுக்கு முப்பத்துநான்கு வயது இருக்கும். சைக்கிளில் வருவார். ஐந்து மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறிவிட்டு, மூன்றாம் மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எனக்காக மேலே காத்து நிற்பார். சோம்பேறி வழக்கறிஞர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கோப்பைத் திறக்காமலே வழக்காடுகிறவர்கள், அகதியின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள். உண்மையான பிள்ளைகளுக்கு வாய்த்ததெல்லாம் அவர்கள்தான். நான் எழுதி வைத்த பிள்ளைக்குப் பாரிஸிலேயே நேர்மையான ஒருவரைப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

முதல் நாள் அவர் மேசையில் தாள்களை அடுக்கிவிட்டு மெதுவாக விளக்கினார். "அம்மையாரை இந்த வீட்டிலிருந்து யாரும் எழுப்ப முடியாது. சட்டம் அவரைப் பாதுகாக்கிறது. ஆனால் விற்பதென்றால் மகளின் சம்மதம் வேண்டும். மகள் இல்லாத இடத்தில் நான். வீட்டு விலை இப்போது இறங்கிக் கிடக்கிறது. இந்த விலைக்கு விற்பது என் கட்சிக்காரிக்கு நட்டம். நான் சம்மதிக்க முடியாது."

"என்னவாம், தவம் அண்ணை?" என்றாள் சிசிலியா.

"சாகுமட்டும் இஞ்சையே இருக்கலாமாம். ஒருத்தரும் எழுப்பேலாதாம்."

"அதுதானே எனக்குப் பயம்" என்றாள்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. வாடகைக்கு விட்டுவிட்டு வேறு இடம் போகலாமா என்று கேட்டேன். குளிர் தாங்காத பழைய வீடுகளைத் திருத்தாமல் வாடகைக்கு விட இப்போது தடை என்றார் மாக்சிம். திருத்துகிற காசுக்குச் சிசிலியா எங்கே போவாள்? மகள் எவ்வளவு காலம் வராவிட்டால் முடியும் என்று கேட்டேன். நீதிமன்றம் அவளைக் காணாமல் போனவள் என்று குறித்த நாளிலிருந்து பத்து வருடம் என்றார். சிசிலியாவுக்கு அறுபத்தெட்டு வயது.

அவர் போன பிறகு சிசிலியா தேத்தண்ணி வைத்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் குசினிக்கும் மேசைக்கும் நடந்தாள்.

"அண்ணை, உள்ளதைச் சொன்னா என்ன? பிள்ளை எங்கடை இல்லை, தங்கச்சியின்ரை எண்டு."

"சொல்லலாம். அப்ப அகதிக் கேஸிலையும் குடியுரிமைக் கேஸிலையும் பொய் எழுதினது வெளியாலை வரும். பொய் தெரிஞ்ச நாளிலை இருந்து ரெண்டு வருசத்துக்குள்ளை குடியுரிமையைத் திருப்பி எடுக்கலாம்."

"எடுத்தால்?"

"திரும்ப விசா குடுக்கிற பிரிபெக்சர் வாசலிலை கியூவிலை நிக்கவேணும். விசா இல்லாத ஆளா."

"எழுதினது நீங்கள்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அவள் உண்மையைச் சொன்னால் என் சத்திய முத்திரையும் போகும், மற்ற நாற்பது கோப்புகளையும் யாராவது தோண்டுவார்கள். பல் வைத்தியரின் கோப்பும் அதில் இருக்கிறது. இதையெல்லாம் அவளுக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

மாக்சிம் தேடத் தொடங்கினார். சும்மா பெயருக்கு இல்லை. தமிழ்ப் பத்திரிகைகளில் அறிவித்தல் போட்டார், அதை நான்தான் எழுதினேன். கொழும்புக்கும் ஜெனீவாவுக்கும் கடிதம் அனுப்பினார். மன்னார் வரைபடத்தை அச்சடித்துக் கொண்டுவந்து, எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள், என்ன நிறம் பிடிக்கும், கையில் தழும்பு ஏதும் உண்டா என்று சிசிலியாவிடம் கேட்டார். தாய்தானே, தெரிந்திருக்கும் என்று அவருக்கு எண்ணம். சிசிலியா நிரஞ்சலாவை மூன்று வயதில் பார்த்ததோடு சரி. தங்கை போனில் சொன்னதையெல்லாம் சேர்த்து அவள் பதில் சொன்னாள். நல்லாய்ப் பாடுவாள் என்றாள். இடது கையால் எழுதுவாள் என்றாள். சொல்லச் சொல்லக் குரல் மாறிக்கொண்டே போனதை நான் கவனித்தேன்.

கோடை வந்தது. ஓகஸ்ட் கடைசியில் பிள்ளையார் தேர் தெருவைச் சுற்றி வந்தபோது, வேதக்காரியான சிசிலியா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று முழுவதையும் பார்த்தாள். ஒக்ரோபரில் கடைசியாகக் கீழே இறங்கினாள். அதன் பிறகு சனிக்கிழமை தோறும் மரக்கறியையும் மருந்தையும் நான்தான் மேலே கொண்டுபோனேன். பூசைக்குப் போகவில்லை, தலைமயிர் வெட்டப் போகவில்லை, தெருவில் யாரோடும் நின்று கதைக்கவில்லை. "ஜெயிலிலைகூட ஒருநேரம் முற்றத்திலை விடுவாங்கள், என்ன அண்ணை" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வருடம் பெப்ரவரி, இராயப்புவின் ஆண்டுத் திவசப் பூசை. உங்களால் வர ஏலாது, நான் போகிறேன் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். ஒருத்தருக்கும் சொல்லாமல், கறுப்புச் சீலை உடுத்து, கைப்பையும் செபமாலையும் எடுத்துக்கொண்டு அவள் தனியாக இறங்கியிருக்கிறாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கால் மடங்கிவிட்டது. விழவில்லை. ஆனால் இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. போன் மேலே மேசையில். கூப்பிட்டிருந்தால் யாராவது கதவைத் திறந்திருப்பார்கள். வெட்கத்தில் அவள் கூப்பிடவில்லை. பூசை முடிந்து நான் வந்து பார்த்தபோது படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டரை மணித்தியாலம். சீலை நனைந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல், "ஆரையும் கூப்பிடாதேங்கோ, நீங்களே தூக்குங்கோ" என்றாள்.

எழுபது வயது ஆள் எப்படித் தூக்குவது? தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டேன். நாற்காலியில் வைத்து மேலே தூக்கிப் போனார்கள். ஆண்பிள்ளைகள் நான்கு பேர் அவளைச் சுமந்து போவதை நான் பின்னால் நின்று பார்த்தேன். மாக்சிமிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அந்தப் படியில் வைத்தே முடிவெடுத்தேன். எழுதியது நான், ஐடியாவும் என்னுடையது, இந்த மனிசிக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்தும் தெரியாது, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள் என்று சொல்வேன். என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். அன்றிரவு கௌரியிடம் சொன்னேன். "இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?" என்றுதான் கேட்டாள்.

அதே கிழமை வெள்ளிக்கிழமை மாக்சிம் வரச் சொன்னார். சிசிலியா வீட்டில் காலை பதினொரு மணிக்கு. நான் வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு படியேறினேன். கதவைத் திறந்ததும் அவர் முகம் சரியில்லை என்று தெரிந்தது. கோப்பைத் திறந்து என்னிடம் தந்தார்.

"கண்டுபிடித்துவிட்டேன்" என்றார். "அவளை இல்லை. அவளைத் தேடும் ஒருவரை. வவுனியாவில், காணாமல் போனவர்களின் பட்டியல் ஒன்றில் இதே பெயர், இதே பிறந்த திகதி இருக்கிறது. பேருந்தில் ஏற்றப்பட்டதைப் பார்த்திருக்கிறார். பெயர் றஜனி. உறவு என்ற இடத்தில் தாய் என்று இருக்கிறது."

சிசிலியாவுக்கு அந்தப் பெயர் மட்டும் விளங்கியது. "என்ரை தங்கச்சி" என்றாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. என் வாயிலிருந்து வேறொன்று வந்தது. "இவருடைய தங்கை. எங்களில் தாயின் தங்கையும் தாய்தான், அப்படித்தான் பதிவார்கள்" என்றேன். முப்பத்தைந்து வருடப் பழக்கம், நாக்கு என்னைக் கேட்காமலே பொய் சொன்னது. என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

மாக்சிம் தலையை ஆட்டினார். பிறகு ஒரு படிவத்தை எடுத்துச் சிசிலியாவின் முன்னால் வைத்தார். "இதைக் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியாமல் வைத்திருக்கவும் கூடாது. காணாமல் போனவர்களுக்கு அந்த நாட்டில் மரணச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். தாய் கையெழுத்திட்டுக் கேட்டால் போதும். சான்றிதழ் வந்தால் வழக்கு முடிந்துவிடும். வீடு முழுவதும் உங்களுடையது."

நான் தமிழில் சொன்னேன். சிசிலியா படிவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொய்யை ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. குடியுரிமை போகாது. என் முத்திரை போகாது. ஒரு கையெழுத்து, மூன்று மாதம், பிறகு ஸ்தேனில் நிலத்தோடு கதவு. என் மனதில் ஒரு நிம்மதி வந்தது, அதை மறைக்க மாட்டேன். அவள் என் பேனையை வாங்கினாள். மூடியைக் கழற்றினாள். பிறகு மேசையில் வைத்தாள்.

"றஜனியிட்டை ஒரு சொல்லுக் கேக்கவேணும்" என்றாள்.

போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அங்கே பின்னேரம். பஸ் ஹோர்ன் கேட்டது. வவுனியாவில் வீதியோரக் கொட்டிலில், காணாமல் போன பிள்ளைகளின் படங்களை வைத்துக்கொண்டு இருக்கிற தாய்மாரோடு றஜனி இருந்தாள். மாதத்தில் பாதி நாள் அங்கேதான்.

"அக்கா, சொல்லுங்கோ. கால் என்ன மாதிரி?"

"கால் இருக்குது. றஜனி, இஞ்சை நிரஞ்சலாவின்ரை விசயமா ஒரு அவொகா வந்திருக்கிறார்."

வழக்கறிஞரை இங்கே நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவளுக்கும் விளங்கியது.

"ஆற்றை அவொகா?"

"அவளின்ரை. அவளுக்கெண்டு கோட்டு வைச்சது."

"என்ரை பிள்ளைக்கோ?" என்றாள் றஜனி. "பிரான்சிலை கோட்டு என்ரை பிள்ளைக்கு ஆள் வைச்சிருக்கோ? அவளைப் பற்றி என்னெண்டு சொல்லுது?"

சிசிலியா என்னைப் பார்த்தாள். தீர்ப்பின் பிரதி கோப்பில் மேலேயே இருந்தது. நான் குனிந்து போனுக்குச் சொன்னேன். "தங்கச்சி, நான் தவரத்தினம். செத்ததுக்குச் சாட்சி வருமட்டும் பிள்ளை உயிரோடை இருக்கிறா எண்டுதான் கோட்டு எடுத்திருக்கு."

"எழுத்திலையோ?"

"ஓம்."

"சீல் குத்திக் கிடக்கோ?"

"ஓம், கிடக்கு."

அவள் அழத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், இஞ்சை வாங்கோ, என்ரை பிள்ளை உயிரோடை எண்டு எழுதியிருக்காம் என்றாள். பல பெண்களின் குரல் ஒன்றாகக் கேட்டது. பிறகு மறுபடியும் போனில் வந்தாள். "பதினாறு வருசம் அண்ணை. போன இடமெல்லாம் சாவுப் பத்திரத்தை எடு, எடு எண்டுதான் சொன்னவங்கள். ஒருத்தரும் உயிரோடை எண்டு எழுதித் தரேல்லை. அதைத் தமிழிலை எழுதி ஒரு கொப்பி அனுப்புங்கோ. அக்கா, அந்த அவொகாவை விட்டிடாதேங்கோ. அக்கா, கேக்குதோ?"

"கேக்குது" என்றாள் சிசிலியா. "அனுப்புறம், றஜனி."

போனை அணைத்தேன். மாக்சிம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சிசிலியா படிவத்தை இரண்டு விரலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"அவரிட்டைச் சொல்லுங்கோ, அண்ணை. நான் கையெழுத்துப் போடமாட்டன். என்ரை மகள் உயிரோடை இருக்கிறாள்."

சொன்னேன். மாக்சிம் எழுந்து நின்றார். படிவத்தை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தார். "அப்படியானால் நான் தொடர்ந்தும் அவளுடைய வழக்கறிஞர்" என்று சொல்லிச் சிசிலியாவுக்குக் கை கொடுத்தார். நான் கேட்டதற்குத் தீர்ப்பின் பிரதியை விட்டுவிட்டுப் போனார். அவர் தடதடவென்று ஐந்து மாடியும் இறங்குகிற சத்தம் கேட்டது. சிசிலியா கடைசிப் படி வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சிசிலியா, நான் இண்டைக்கு உள்ளதைச் சொல்லத்தான் வந்தனான். இப்பவும் சொல்லலாம். கீழை நிப்பார், சைக்கிள் பூட்டு இறுகினது, திறக்க நேரமெடுக்கும்."

"சொன்னா, அந்தத் தீர்ப்பு நிக்குமோ?"

"நிக்காது. பிள்ளை உங்கடை இல்லையெண்டா வழக்கே இல்லை. எல்லாத்தையும் அழிச்சுப் போடுவினம்."

"அப்ப வாயைத் திறக்காதேங்கோ" என்றாள். "இனி ஒருநாளும் திறக்கக் கூடாது. பத்து வருசத்துக்கு நீங்களும் சாகக் கூடாது, நானும் சாகக் கூடாது."

அவள் மேசையில் வைத்தே தீர்ப்பை மொழிபெயர்த்தேன். எத்தனையோ ஆயிரம் தாள் மொழிபெயர்த்த கை, அன்றைக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டேன். வாசிக்கச் சொன்னாள். மேற்படி நிரஞ்சலா என்பவர் உயிருடன் இருப்பதாகவே இந்நீதிமன்றம் கருதுகிறது என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதை இன்னொருக்கா."

மறுபடியும் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு தாளை வாங்கி, கடித உறைக்குள் போட்டு, நாக்கால் ஈரமாக்கி ஒட்டி என்னிடம் நீட்டினாள்.

"போகேக்கை தபாலிலை போட்டிடுங்கோ, அண்ணை. என்னாலை இறங்கேலாது."